வந்தான் வரத்தான்

2007 ஜூன் 7ஆம் திகதி விடிவதற்கு முன்பே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் கதவு தட்டப்பட்டது. பொலிஸாரும் இராணுவத்தினரும் அறை அறையாகப் போனார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்று தாங்களே முடிவு செய்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. சில நாள் கழித்துப் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகள். கையில் அடையாள அட்டை இருந்தது. ஆனாலும், "என்னத்துக்குக் கொழும்புக்கு வந்தனீங்கள், எப்ப போவீங்கள்?" என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் போதவில்லை.

கொழும்பிலிருந்து தெற்கே ரயிலில் இரண்டு, மூன்று மணி நேரம் போனால் ஹிக்கடுவை, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ. அங்கே பல மாதமாக, சிலர் பல வருடமாக, வாழ்ந்துகொண்டிருந்த வெளிநாட்டவரின் கதவை அந்த விடியலில் ஒருவரும் தட்டவில்லை.

மலிவான வெப்பமண்டலக் கடற்கரையூர் ஒன்றில் போய் வாழ்வது எப்படி என்று உலகம் முழுக்க எழுதித் தள்ளுகிறார்கள். வாடகை எவ்வளவு, இணையம் வேகமா, அலை எந்த மாதம் நல்லது, மீன் என்ன விலை என்பவைதான் அவற்றில் இருக்கும். ஜிந்துப்பிட்டியில் வளர்ந்த எனக்கு இந்த விடயம் அந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ஓர் ஊரில் காரணம் சொல்லாமல் வாழ யாருக்கு அனுமதி? அந்த வாழ்வு மலிவாக இருப்பதற்கான மீதி விலையை யார் கட்டுகிறார்கள்? இந்த இரண்டும் தெளிவாகாமல் அலையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஜிந்துப்பிட்டி என்ற பெயரே வெளியிலிருந்து வந்த ஒருவரைச் சொல்வது. சான் தோமே, அதாவது புனித தோமையார், என்ற பெயரோடு 'பிட்டிய' சேர்ந்து திரிந்தது என்பார்கள். இங்குள்ள புனித தோமையார் ஆலயத்துக்கு 1815இல் அத்திவாரம் இட்டார்கள். முருகன் கோயிலும் இங்கேதான். துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்டு இறங்கியவர்களில் பலர் மலைநாட்டுக்குப் போனார்கள். சிலர் கொழும்பிலேயே தங்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், செட்டியார் தெருவில் கணக்கு எழுதியவர்கள், மாநகர சபையில் துப்புரவு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இந்தச் சந்துகளில்தான் குடியிருந்தார்கள். பிறகு மலைநாட்டுப் பிள்ளைகள் புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். யுத்த காலத்தில் வடக்குச் சனம் வந்தது. இங்கே வந்தான் வரத்தான் அல்லாதவர் யார் என்று தேடினால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

அப்படி வந்தவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர்களையும் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் கீழ் கொழும்பின் இந்திய வியாபாரிகளும் தொழிலாளரும் தற்காலிக வதிவிட அனுமதிக்காரர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது; மீதி 1,50,000 பேரின் கதி பத்து வருடம் தொங்கிக்கிடந்தது. தெருவில் இவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கள்ளத்தோணி'. இன்று வெலிகமவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவரின் வீசாவும் அந்த 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் வழங்கப்படுகிறது. ஒரே சட்டம், ஒருவருக்கு அது 'விருந்தினர்' என்றும் இன்னொருவருக்கு 'எப்ப போவாய்' என்றும் பேசியிருக்கிறது.

தெற்குக் கடற்கரையின் விருந்தினர் கதை பழையது. பிரபு என்று தன்னை அழைத்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் டெ மௌனி, வெலிகமக் குடாவின் சின்னத் தீவொன்றில் 1920களில் ஒரு மாளிகை கட்டினார். கரையிலிருந்து கடலில் இறங்கி நடந்துதான் அதற்குப் போக வேண்டும். அவர் 1941இல் யாழ்ப்பாணத்து நாவற்குழியில் இறந்தார். 1952இல் அமெரிக்க எழுத்தாளர் போல் பவுல்ஸ் அந்தத் தீவை வாங்கினார். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அந்த வீட்டில் தன் நாவலொன்றின் ஒரு பகுதியை எழுதி, சில வருடத்தில் விற்றுவிட்டுப் போனார். 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வந்தார். பவளப்பாறைகளில் முக்குளிக்க வந்தவர் 2008 மார்ச்சில் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். திருகோணமலையில் சுவாமிமலைக்குக் கீழே, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்தூண்களைக் கடலடியில் அவரும் கூட்டாளி மைக் வில்சனும் கண்டார்கள். 'வதிவிட விருந்தினர்' என்ற ஏற்பாடு 1970களில் வந்தபோது அவர்தான் அதன் முகமாக இருந்தார். கிளார்க்கை நான் மரியாதையோடு நினைக்கிறேன். வந்த இடத்தின் கடலைப் படித்தார், அதைப் பற்றி எழுதினார், ஐம்பது வருடம் இருந்து இங்கேயே செத்தார். அப்படி வேர்விட்டவர்கள் மிகக் குறைவு.

பவுல்ஸுக்கும் கிளார்க்குக்கும் முன்னால், எங்கள் வெள்ளவத்தையிலேயே ஒருவர் வாழ்ந்திருக்கிறார். 1929இல் ரங்கூனிலிருந்து சிலி நாட்டுக் கொன்சலாக மாற்றலாகி வந்த பாப்லோ நெரூடா. அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. அந்தக் கால வெள்ளவத்தை நகரத்துக்கு வெளியே கிடந்த ஒதுக்கமான கடற்கரை. சம்பளம் சொற்பம், வீடு கடலோரம், பக்கத்தில் ரயில் பாதை. பிரித்தானியரின் கிளப் வாழ்க்கையோடு அவர் ஒட்டவில்லை. புத்தகம் கொடுக்கக் கலைஞர் லயனல் வென்ட் இருந்தார். வளர்க்க ஒரு கீரி இருந்தது. தனிமையில் எழுதிய கவிதைகள் பின்னாளில் அவரை உலகக் கவியாக்கிய தொகுப்பில் சேர்ந்தன. மலிவான கடற்கரையூரில் ஒதுங்கி எழுதும் அந்நியன் என்று இன்று பலர் காணும் கனவு, ஏறத்தாழ அச்சடித்தது போல அந்த வீட்டில் நடந்தது.

அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு வாளிக் கக்கூசு இருந்தது. ஒவ்வொரு நாளும் வாளி எப்படிச் சுத்தமாகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அதிகாலை எழுந்து பார்த்தபோது வாளியைத் தலையில் சுமந்து போனவள் ஒரு தமிழ்ப் பெண். தமிழ்ச் சமூகம் தீண்டத்தகாதது என்று தள்ளி வைத்த சாதியைச் சேர்ந்தவள். அவள் அழகைப் பற்றி எழுதுகிறார். கூப்பிட்டும் பரிசு வைத்தும் அவள் திரும்பிப் பார்க்காமல் போனதையும் எழுதுகிறார். பிறகு ஒரு காலை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனதையும், முழு நேரமும் அவள் சிலைபோல, கண் திறந்தபடியே கிடந்ததையும், அவள் தன்னை வெறுத்தது சரிதான் என்பதையும் அவரே சொல்கிறார். அவர் இறந்த மறுவருடம், 1974இல், வெளியான நினைவுக் குறிப்பு நூலில் இது இருக்கிறது. பல வருடம் அதை வாசித்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் பேச்சு வந்தபோதுதான் சிலியின் பெண்கள் அமைப்புகள் அந்தப் பக்கத்தை உரத்து வாசித்தன. இலங்கையில் இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் 'அல்போராடா' என்று அதைப் படமாக்கினார்.

இதைக் கவிஞர் ஒருவரின் தனிப்பட்ட பாவம் என்று மூடிவைக்க என்னால் முடியாது. அந்த வீடு மலிவாக இருந்ததற்கு அவளும் ஒரு காரணம். அவளுக்குக் கிடைத்த கூலி எவ்வளவோ, அந்தக் குறைவில்தான் அவருடைய வசதி தங்கியிருந்தது. அவள் போய் முறையிட ஒரு வாசல்கூட அந்த ஊரில் திறந்திருக்கவில்லை. வெள்ளைத் தோலும் கொன்சல் பதவியும் ஒரு பக்கம், எங்கள் சாதி மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் அவளை அங்கே தனியாக நிறுத்தின. நெரூடாவைக் கண்டிக்கும் தமிழர் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய பெயரை நெரூடா எழுதவில்லை. அவளுடைய பேரப்பிள்ளைகள் இருந்தால் எங்கள் கொழும்பு வடக்கின் ஏதோ ஒரு தோட்டத்து லைன் வீட்டில் இருக்கக்கூடும் என்று நினைக்காமல் அந்தப் பக்கத்தை என்னால் வாசிக்க முடிந்ததில்லை.

இனி இன்றைய கணக்கு. ஐம்பத்தைந்து வயது கடந்த வெளிநாட்டவருக்கு இலங்கை வழங்கும் 'மை ட்ரீம் ஹோம்' வீசாவுக்கு 15,000 டொலர் வைப்பு வேண்டும். மாதம் 1,500 டொலர் நாட்டுக்குள் வர வேண்டும். டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தால் அது நாலரை இலட்சம் ரூபா. 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட பிறகும் தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாகவே இருந்தது. ஒருவர் ஓய்வுகால வருமானத்தில் 'சிக்கனமாக' வாழும் தொகை, அவருக்குச் சோறு பரிமாறியவரின் பதினாறு மாதச் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தது. கடற்கரை இயல்பிலேயே மலிவானது என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. மீனையும் தேங்காயையும் எங்கள் வீட்டில் யாரும் மலிவு என்று சொல்வதில்லை.

2022இல் இந்த இடைவெளி இன்னும் அகன்றது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி ஒரு வருடத்தில் எழுபது வீதம் ஏறியிருந்தது. ஜிந்துப்பிட்டியில் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுச் சனம் இரவு பகலாகக் காத்திருந்தது. அந்த ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் கடவுச்சீட்டு எஜமானியின் அலுமாரிக்குள் போகிறது. அவர் வாழும் வீட்டை விட்டு வெளியே வரவும் அனுமதி கேட்க வேண்டும். அவரும் ஒரு நாட்டவர், இன்னொரு நாட்டில் வாழ்பவர். அவருக்கு ஒருவரும் 'எக்ஸ்பட்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

அதே வருடம் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தது. இரண்டு நாட்டவருமே இங்கே வந்தார்கள், வீசா திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 2,88,000 ரஷ்யரும் 20,000 உக்ரேனியரும் வந்ததாக அரசாங்கக் கணக்கு. யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தப்பி ஓடுவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சுற்றுலா வீசாவில் இருந்துகொண்டே சிலர் உணவகம் நடத்தினார்கள், அலைச்சறுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், வீடுகளை மொத்தமாக வாடகைக்கு எடுத்துத் தங்கள் நாட்டவருக்கே மறு வாடகைக்கு விட்டார்கள். பணம் கரைக்கு வராமலே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்து அறிவிக்கப்பட்டது. ஊர் கொதித்தது, விருந்து கைவிடப்பட்டது. அதே வாரத்தில் ரஷ்யரும் உக்ரேனியரும் மார்ச் 7க்குள் வெளியேற வேண்டும் என்று குடிவரவுத் திணைக்களம் அறிவித்தது. அமைச்சரவை முடிவு இல்லாமல் இது எப்படி வந்தது என்று ஜனாதிபதி விசாரிக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் கிளம்பு என்பது எவருக்கும் கொடுமையான சொல். தவறு செய்தவரைச் சட்டத்தால் பிடிக்காமல் ஒரு நாட்டவர் எல்லோரையும் வெளியேறச் சொல்வது எங்கே போய் முடியும் என்று லொட்ஜ் கதவுகளுக்குத் தெரியும்.

இந்தச் சண்டை இலங்கைக்கு மட்டும் உரியதுமில்லை. பாலியின் ஆளுநர் 2023 மார்ச்சில் இதே இரண்டு நாட்டவரின் வருகை வீசாவை நிறுத்தச் சொன்னார். கனேரித் தீவுகளில் 2024 ஏப்ரலில் வீட்டு வாடகை கட்ட முடியாத உள்ளூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பார்படோஸ் 2020இலேயே வேறு வழி எடுத்தது: வருடம் 50,000 டொலர் வருமானம் காட்டி, 2,000 டொலர் கட்டணம் கட்டி ஒரு வருடம் இருந்து வேலை செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. எனக்கு அந்த வெளிப்படை பிடித்திருக்கிறது. சுற்றுலாப் பயணி என்ற பெயரில் வேலை செய்ய விட்டுவிட்டுப் பிறகு துரத்துவதைவிட, வந்து இரு, கட்டணம் கட்டு என்பது இரண்டு பக்கத்துக்கும் மானமானது.

நிலம் பற்றி ஒன்று. வெளிநாட்டவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரி என்ற பழைய விதி 2002இல் தளர்ந்து 2004இல் திரும்பியது. அந்த இடைவெளியில் காலிக் கோட்டையின் பழைய வீடுகள் பல கைமாறின. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் விற்பனையையே தடுத்தது. 99 வருடக் குத்தகை எடுக்கலாம். உள்ளூர்ப் பங்குதாரருக்குப் பெரும்பங்கு உள்ள கம்பனி வாங்கலாம். ஆகவே கடற்கரையூரில் ஒவ்வொரு அழகான வீட்டுக்குப் பின்னாலும் ஓர் உள்ளூர்ப் பெயர் இருக்கும். அந்தப் பெயர்க்காரர் சில இடத்தில் உண்மையான கூட்டாளி. சில இடத்தில் வெறும் கையெழுத்து.

கடற்கரையிலேயே நடக்கும் இழப்பைச் சொல்ல 2004 டிசம்பர் 26க்குப் போக வேண்டும். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. ஹிக்கடுவையில் கிளார்க்கின் முக்குளிப்பு நிலையமும் போனது. அந்த நாட்களில் கரையோரம் வாழ்ந்த வெளிநாட்டவர் பலர் ஓடிப்போகவில்லை. பிணம் தூக்கினார்கள், ஊர் ஊராகப் பணம் சேர்த்து வள்ளமும் வலையும் வாங்கிக் கொடுத்தார்கள். அதை மறப்பது நன்றி கெட்ட செயல். ஆனால் அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கரையோரத்தில் வீடு கட்டக் கூடாது என்றது. ஹோட்டல்களுக்கு விலக்கு இருந்தது. அறுகம்பேயில், எங்கள் சனம் உல்லை என்று சொல்லும் அந்தத் தமிழ் பேசும் முஸ்லிம் கிராமத்தில், மீனவர் கேட்டது எளிய கேள்வி: கடல் ஆபத்து என்றால் ஹோட்டலுக்கு ஆபத்தில்லையா? அடுத்த வருடம் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனாலும் கரைவலை இழுக்க ஒரு 'பாடு', அதாவது வலை இழுக்கும் இடம், வேண்டும். நீண்ட வெறும் மணல் வேண்டும். வள்ளத்தை ஏற்றி வைக்க இடம் வேண்டும். சாய்மனைக் கட்டில்கள் வரிசையாக வந்த பிறகு அந்த மணல் யாருடையது என்பது ஒவ்வொரு காலையும் புதிதாகச் சண்டை பிடிக்க வேண்டிய விடயமாகிறது. பொத்துவிலுக்குப் பக்கத்திலுள்ள அதே அறுகம்பேயில் 2024 ஒக்டோபரில் இஸ்ரேலியப் பயணிகளுக்கு ஆபத்து என்று எச்சரிக்கை வந்து, அந்தக் குட்டி ஊர் முழுக்கப் பாதுகாப்புப் படை நின்றது. எங்கோ நடக்கும் யுத்தம் ஒரு மீன்பிடிக் கிராமத்தின் ரொட்டிக் கடை வாசலுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஆட்களையும் விட்டுவிட்டுப் பேசக் கூடாது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழும்பியிருக்கும் மாடிக் கட்டடங்களில் ரொறன்ரோ, லண்டன், சூரிச் பணத்தில் வாங்கிய வீடுகள் எத்தனையோ. ஜூலை, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது திறந்து, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். அவர்களும் இன்னொரு நாட்டு நாணயத்தோடு கடற்கரையூருக்கு வருபவர்கள்தான். 1983 கலவரத்தில் எரிந்த தெருவுக்குத் திரும்பி வந்து வீடு வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் திரும்பலில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் கிழக்கிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஓர் அறைக்கு ஆறு மாத முற்பணம் கட்ட முடியாமல் மூன்று பேரோடு பாய் விரிக்கிறது. பூட்டிய வீட்டில் ஓர் அறையைப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துபோகாது என்று புலம்பெயர்ந்த சொந்தங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன்.

வந்து வாழ விரும்பும் அந்நியருக்கும் சொல்ல எனக்கு ஒன்றிரண்டு உண்டு. வீட்டை நேரே வீட்டுக்காரரிடம் எடுங்கள். சமைப்பவர், துடைப்பவர், ஆட்டோக்காரர் ஆகியோருக்கு ஊர்க் கூலியைவிடக் கூட்டிக் கொடுங்கள். அந்தக் கூலி குறைவாக இருப்பதால்தான் நீங்கள் இங்கே வர முடிந்தது. பாஷை படியுங்கள், ஊரைப் பொறுத்துச் சிங்களமோ தமிழோ. மீன்பிடிக்காரர் வள்ளம் ஏற்றும்போது கை கொடுங்கள். தெற்குக் கரை வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகக் காற்றில் கொந்தளிக்கும், அப்போது கடலுக்குள் இறங்க வேண்டாம். கிழக்குக் கரை ஐப்பசிக்குப் பிறகு வாடையில் மழையாகக் கொட்டும்.

இந்தக் காற்றைப் பார்த்து ஊர் மாறுபவர்கள் இந்தத் தீவில் முன்பே இருந்தார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் தங்கள் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளம், வலை, சட்டி பானை, சில வேளை குடும்பத்தோடும் கிழக்குக்குப் போய் வாடி அடிப்பார்கள். வாடி என்பது ஓலையும் தடியும். காற்று திரும்பினால் கழற்றிவிடலாம். அங்குள்ள மீனவரோடு பேசித்தான் இடம் எடுக்க வேண்டும். பேசாமல், படையின் துணையோடு அடித்த வாடிகளால் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இன்றுவரை ஆறாத பிணக்கு இருக்கிறது. பேசி அடித்த வாடிகளில் கலியாணமும் நடந்திருக்கிறது. இன்று அலைச்சறுக்குக்கு வருபவர்களும் சித்திரையில் அறுகம்பேக்குப் போய் ஒக்டோபரில் வெலிகமவுக்குத் திரும்புகிறார்கள். அதே காற்று, அதே பாதை, ஏறத்தாழ அதே மாதங்கள். ஒக்டோபர் கடைசியில் பொத்துவில் பஸ் நிலையத்தில் பலகைகளை உறையில் போட்டுக்கொண்டு அவர்கள் நிற்பார்கள். வாடிக்காரர் வலையைச் சுருட்டி லொறியில் ஏற்றுவார்கள். உல்லைக்காரர் இரண்டு கூட்டத்தையும் அனுப்பிவிட்டுத் தங்கள் வள்ளங்களை மணலில் உயர இழுத்து வைப்பார்கள், மழை வரும் என்று.